எண்ணெய் டின்னும் இரண்டடிக் குழியும்

அன்றைக்கு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தேங்காய் எண்ணெய் மில்லின் டின் நிரப்பும் கொட்டகையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மில் மேலாளர் சாமிநாதன் இருந்தார். எங்கள் பாதுகாப்புத் தணிக்கை நிறுவனத்தின் மூத்த அதிகாரி கஸ்தூரி மேடம் இருந்தார். டின் நிரப்பும் மல்லிகா, குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். நான் இருந்தேன், நானே கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கையோடு.

சரஸ்வதி அக்கா இல்லை. எந்த வேலையைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோமோ, அந்த வேலையை ஒன்பது வருசமாகச் செய்தவர் அவர்தான். அவர் மூன்று கிலோமீட்டர் தள்ளி, தன் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். புரண்டு படுக்கவே யாராவது பிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் நிறுவன இதழில் ஓய்வு பெற்றவர்களுக்கு என்று ஒரு பக்கம் உண்டு. அதில் எழுதியவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும். எனக்கு முப்பத்தெட்டு வயசு. பதினைந்து வருச வேலைக்குப் பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போகிறேன். அந்தப் பக்கத்துக்கே நான்தான் கடைக்குட்டி.

எழுதச் சொன்னது புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். சுமை தூக்குகிறவரை இவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். அவர் முதுகு மேல் ஒரு கோடு விழுகிறது. குனிவுக்குத் தகுந்தபடி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறுகிறது. எத்தனை தடவை தூக்கினார் என்பதையும் போனே எண்ணிச் சொல்லிவிடுகிறது. “இது இல்லாத காலத்துல எப்படீங்கண்ணா பண்ணுனீங்க?” என்று கேட்டார்கள்.

“தப்பாத்தான் பண்ணுனேன்” என்றேன்.

சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் போத்தனூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். ரேஷன் கடையிலிருந்து ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் கைநாட்டுத்தான். டிப்ளமோ முடித்தேன், தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு வருசப் படிப்பு முடித்தேன், பீளமேட்டில் இருந்த இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் அறிக்கையில் என் கையெழுத்தைப் போட்டதும் அதை ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு மில்லே கட்டுப்படுமா கண்ணு?” என்று கேட்டார். “கட்டுப்படும்மா” என்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனுசர் கையால் தூக்குவது, இறக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, இதில் எல்லாம் யாருக்கு எங்கே அடிபடக்கூடும் என்பதை அடிபடுவதற்கு முன்னால் கண்டுபிடித்து எழுத வேண்டும். படிவத்தில் நாலு கட்டம் இருக்கும். வேலை என்ன, ஆள் யார், சுமை எப்படி, இடம் எப்படி. நாலையும் பார்த்துவிட்டு, ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கஸ்தூரி மேடம் இதைச் செய்கிற விதமே வேறு. பீளமேட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தெலுங்குக் குடும்பம் அவர்களுடையது. கழுத்தில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் தொங்கும். “தைக்க வந்தீங்களாம்மா?” என்று ஒரு வாட்ச்மேன் கேட்க, “ஆமாங்க, முதுகு கிழிஞ்சிருக்குதாம்” என்றவர். கைப்பையில் ஒரு கொக்கித் தராசும் சாக்குக்கட்டியும் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் நோட்டை வெளியே எடுக்க மாட்டார். எந்தச் சுமையைப் பற்றி எழுதுகிறாரோ அதை ஒரு தடவையாவது தானே தூக்கிப் பார்ப்பார். வேலை செய்கிறவர்களை நேரே பார்க்காமல், ஏதோ சுவரைப் பார்க்கிறவர் மாதிரி நின்றுகொண்டு, வாய்க்குள்ளேயே எண்ணுவார். ஒகட்டி, ரெண்டு, மூடு. எண்ணும்போது மட்டும் அவருக்கு வீட்டு மொழி வந்துவிடும்.

ஒருமுறை ஒரு பம்ப் பட்டறையில், தள்ளுவண்டி சும்மா நிற்க, ஆட்கள் வார்ப்பிரும்பு உறைகளைக் கையில் சுமந்து போனார்கள். நான் ‘பயிற்சி தேவை’ என்று எழுதினேன். மேடம் அந்த வண்டியைத் தானே பத்தடி தள்ளினார். அது போட்ட கிறீச்சில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், “இதத் தள்ளுனா ஆபீஸ்ல இருந்து சத்தம் போடறாங்கம்மா” என்றார். என் வரியை அடித்துவிட்டு மேடம் எழுதினார்: ‘சக்கரத்துக்கு எண்ணெய் விடவும்.’

என்னிடம் அவர் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. எழுதிக் கொடுப்பதைப் படிப்பார். சரியென்றால் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். எதற்குக் கேள்விக்குறி என்று நான்தான் போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

காங்கேயம் மில்லுக்கு நான் தனியாகப் போனேன். மொத்த மில்லுக்கும் மதிப்பீடு. கொப்பரை மூட்டை சுமக்கும் ஆட்கள்மேல்தான் என் கண் போனது. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அதற்கு இரண்டு நாள் செலவழித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். டின் நிரப்பும் கொட்டகைக்கு மூன்றாம் நாள் காலையில் வந்தேன். பதினைந்து கிலோ டின். இரண்டு பெண்கள், சரஸ்வதி அக்காவும் மல்லிகாவும்.

வேலை இதுதான். எண்ணெய்த் தொட்டியின் குழாய்கள் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். தரையில் டின்னை வைத்து நிரப்ப வேண்டும். குனிந்து, கம்பிப் பிடியைப் பிடித்துத் தூக்கி, மேசைமேல் இருக்கும் தராசில் வைக்க வேண்டும். எடை சரி பார்த்து மூடியை அழுத்திவிட்டு, மறுபடி தூக்கி ஆறு எட்டு நடந்து போய் அடுக்க வேண்டும்.

“வாங்க சார், உக்காருங்க” என்று சரஸ்வதி அக்கா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. வாட்ச்சைப் பார்த்து ஒரு மணி நேரம் எண்ணினேன். ஆளுக்குப் பதினெட்டு டின். அப்படியானால் முப்பத்தாறு தூக்கு. இடையிடையே, “சாருக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார்கள், சொன்னேன். தரை சுத்தமாக இருந்தது. டின்னை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியதையும் பார்த்தேன்.

“முதுகு வலி, தோள் வலி ஏதாவது இருக்குதுங்களாக்கா?”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். பழகிப்போச்சு.”

வலி: இல்லை. ஆபத்து: குறைவு. கையெழுத்துப் போட்டேன். மூட்டைப் பக்கத்தை மேடம் நன்றாகப் படித்தார். கொட்டகைப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் ‘சரிபார்த்தேன்’ போட்டார். அன்றைக்கு அவர் மேசையில் ஏழெட்டு அறிக்கைகள் கிடந்தன. அவர் கேள்விக்குறி போடாத என் அறிக்கைகள் குறைவு. அதனால் எனக்கு ஒரே சந்தோசம்.

நாலு மாசம் கழித்துச் சாமிநாதன் போன் பண்ணினார்.

“சார், உங்க புண்ணியத்துல தப்பிச்சோமுங்க.”

“என்னங்க ஆச்சு?”

“நம்ம சரசு இல்லீங்களா, டின்னு தூக்கறப்ப இடுப்பு புடிச்சு அப்படியே உக்காந்துபோட்டாங்க. எந்திரிக்கவே முடியல. ஆஸ்பத்திரியில டிஸ்க்குங்கறாங்க. வேலையில வந்ததுன்னு எழுதிக் குடுக்கணுமாம். நான் உங்க ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டிப்போட்டேன். ஆபத்து குறைவுன்னு படிச்ச ஆளே கையெழுத்துப் போட்டிருக்காரே, இது ஊட்டு வேலையில வந்ததுன்னு. அதோட முடிஞ்சுதுங்க.”

அவர் மனசார நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு அந்த அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தேன். வேலையில் வந்தது என்று மில் எழுதிக் கொடுத்தால் அதற்கென்று இருக்கும் உதவித்தொகை கிடைக்கும், குணமாகும் வரை வேலையும் காத்திருக்கும். வீட்டில் வந்தது என்றால் குறைந்த நாள், குறைந்த பணம். அவர் இடத்துக்கு வேறு ஆள் தேடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் என் கையெழுத்துக் கிடந்தது. அம்மா கேட்டாரே, அதற்கு ஒரு மில் கட்டுப்பட்டுவிட்டது.

அடுத்த நாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு போனேன். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு கையை ஊன்றினார், முகம் சுருங்கியது, மறுபடி சாய்ந்தார்.

“எந்திரிக்க முடியலீங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க. இருங்க, புள்ளைய டீ வெக்கச் சொல்றேன்.”

நின்றபடியே கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு நான் எண்ணுனேனே, பதினெட்டு டின்னு. அதுலயே இப்படி ஆகுமா?”

அவர் கொஞ்சம் சிரித்தார். “அன்னிக்குப் பதினெட்டுத்தானுங்க. நீங்க வந்து உக்காந்திருக்கீங்க. வந்தவிய உக்காந்திருக்கறப்ப நம்ம பாட்டுக்கு டொக்கு டொக்குன்னு வேல செஞ்சா மருவாதியா சார்? அதுனால மெதுவா செஞ்சோம். கூடமாட மல்லிகாவும் புடிச்சா. நீங்க போன பொறவு மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் புடிச்சுப்போட்டோம்.”

“வலி இல்லைன்னு சொன்னீங்களேக்கா.”

“மொதமொதல்ல ஊட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா அந்த வெசனமெல்லாம் சொல்லுவாங்களா? அப்பறம், வலிக்குதுன்னு நீங்க எழுதிப்போட்டா, வலிக்காத ஆளா ஒண்ணு வெச்சுக்கறேம்பாரு மேனேஜர். எத்தன டின்னுன்னு தெரியோணும்னா மூடி டப்பாவ எண்ணுங்க சார். ஒரு டப்பாக்கு எரநூறு மூடி.”

என்னை அடித்தது இதுதான். வெளியூர்க்காரன் யாராவது ஏமாந்திருந்தால் சரி. நான் இந்தப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா அரைக்கிற மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வருவார். அதைப் பார்த்தே வளர்ந்தவன், நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு, அந்த மரியாதையை எண்ணிப் படிவத்தில் ஏற்றியிருக்கிறேன்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கடிதமும் எழுதி வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. நிறுவனத்தில் அதுவரை யாரும் கையெழுத்தைத் திரும்பப் பெற்றதில்லை. மேடம் கடிதத்தைப் படித்தார். பென்சிலை எடுத்தார். கேள்விக்குறி போட்டார்.

“என்னங்க மேடம் தப்பு?”

“சரிபார்த்தேன்னு போட்டது யாருங்க? அந்தப் பேரு இதுல காணோமே. மூட்டைக் கணக்கையே பாத்துட்டு, டின்னுப் பக்கத்த நானும் புரட்டித்தான் விட்டேன். ரெண்டு பேரு பேரையும் போடுங்க. என் பேர மொதல்ல போடுங்க.”

அப்படித்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த நாள் வந்தது. கொட்டகையில் நாலு பேர்.

மேடம் முதலில் மல்லிகாவிடம் பேசினார். எதிர்பார்த்தபடியே, “ஒண்ணும் செரமமில்லீங்கம்மா” என்றார் மல்லிகா.

“சரிங்க. சாயங்காலம் ஊட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன செய்வீங்க?”

“அதுங்களா? செவுத்துக்கு முதுகக் குடுத்துச் சித்த நேரம் உக்காந்துக்குவேன். அப்பறந்தான் கொடத்தத் தொட முடியும்.” சொல்லிவிட்டு மல்லிகா வாயில் கையை வைத்துக்கொண்டார். சாமிநாதன் கூரையைப் பார்த்தார்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். முந்தின நாள் காலியான மூடி டப்பாக்கள் அங்கே கிடந்தன. நாலு. எண்ணூறு டின், மல்லிகாவும் அன்றைக்கு வராத ஒரு தற்காலிக ஆளுமாக இரண்டு பேர். ஆளுக்கு நானூறு. ஒவ்வொன்றும் இரண்டு தூக்கு. ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை, தரையிலிருந்தும் மேசையிலிருந்தும், உள்ளங்கையை அறுக்கிற கம்பிப் பிடியில். நான் பயந்து பயந்து எழுதிய மூட்டைக்காரர்கள்கூட நடுநடுவே பீடி பிடிக்க உட்காருவார்கள். இந்தக் குழாய் உட்கார விடாது.

மேடம் மில் வேலை நின்றுவிடாதபடி மல்லிகாவைத் தொடங்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றார். ஒகட்டி, ரெண்டு, மூடு. பிறகு ஒரு டின்னைத் தானே தூக்கினார். ஒன்று தூக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. பத்தாவதில் நிறுத்திவிட்டு, சிவந்த கையைச் சாமிநாதனிடம் காட்டினார். நான் டப்பாக் கணக்கைச் சொன்னேன்.

“டப்பாவும் சரி, கையும் சரிங்க மேடம்” என்றார் சாமிநாதன். “நா ஒண்ணும் கல்லு நெஞ்சுக்காரன் இல்லீங்க. ஆனா நிரப்பற மெசினு லட்சக்கணக்குல சொல்றாங்க. மொதலாளி ரெண்டு வருசமாப் பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு. தொட்டிய மேல ஏத்தலாம்னா கூரை இடிக்குது. ஆபத்து அதிகம்னு நீங்க எழுதிப்போட்டா, பொம்பளையாளுகளே வேண்டாம்னுதான் சொல்லுவாரு. சரசுக்கும் வேல இல்ல, மல்லிகாவுக்கும் இல்ல.”

மல்லிகா குழாயை மூடிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆபத்து என்று எழுதுவது சுலபம். என்ன செய்தால் ஆபத்து குறையும், யாருக்கும் வேலை போகாது என்று எழுதினால்தான் அது மதிப்பீடு. எங்கள் இருவருக்கும் அப்போது வழி தெரியவில்லை.

“அந்த வேலைய ஒன்பது வருசமா செஞ்சவிய இங்க இல்லையே. வாங்க, போலாம்” என்றார் மேடம்.

சரஸ்வதி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். தொட்டி ஏறாது, குழாய் ஏறாது, மெசின் வராது.

“அப்ப நாம எறங்க வேண்டீதுதானுங்க” என்றார்.

“எங்கக்கா?”

“எனக்கு அம்மா ஊடு சென்னிமலைங்க. அங்க ஊட்டுக்கு ஊடு தறிக்குழி. தறியத் தூக்கி ஒசரத்துலயா வெக்கறாங்க? காலத் தொங்கப்போடக் குழி வெட்டிக்கறாங்க. தறி தரையோட இருக்கும், கை அது பக்கத்துல இருக்கும். நாங்க நிக்கற எடத்தத் தோண்டிப்போட்டா டின்னு இடுப்புக்கிட்ட வந்துரும். தராசையும் தரைக்குள்ள எறக்கிப்போட்டா, தூக்கவே வேண்டாம், தள்ளுனாப் போதும்.”

மேடம் கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. “கைய மடக்குங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு, படுத்திருந்தவரின் குதிகாலில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள என்னைச் சொன்னார். குதிகாலிலிருந்து முழங்கை வரை அளந்தார். முப்பத்தெட்டு அங்குலம். டின் உயரம் பதினாலு. மிச்சம் இருபத்துநாலு. இரண்டடி.

“என்ன சார்,” என்றார் சரஸ்வதி அக்கா என்னைப் பார்த்து, “படுத்திருக்கறப்பவே குழிக்கு அளவெடுக்கறீங்க? இன்னும் நாளு இருக்குதுங்க எனக்கு.”

அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

புது அறிக்கையை அன்றே அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். டின் நிரப்பும் வேலை: ஆபத்து அதிகம். தீர்வு: இரண்டடிக் குழி, எண்ணெய் தேங்காமல் ஓட வாய்க்கால், ஏறி இறங்க இரண்டு படி, வழுக்காத தரை, வெளியிலிருந்து வருகிறவர் விழாதபடி கம்பித் தடுப்பு. தராசு தரைமட்டத்தில். தராசிலிருந்து லாரி மேடை வரை உருளைகள், டின்னைத் தள்ளினால் போய்ச் சேர. மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம். யோசனை சொன்னவர்: சரஸ்வதி. அப்படியொரு வரிக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதினேன். மேடம் அதற்குக் கேள்விக்குறி போடவில்லை.

சாமிநாதன் படித்துவிட்டு, “பழைய ரிப்போர்ட்டு?” என்று கேட்டார்.

“அதுல இப்ப எங்க ரெண்டு பேரு கையெழுத்தும் இல்லீங்க” என்றார் மேடம். “இதுல இருக்குது. சரஸ்வதிக்கு வேலையிலதான் அடிபட்டுதுன்னு எழுதிக் குடுத்துட்டு, குழிய வெட்டுங்க. ரெண்டையும் உங்க மொதலாளிகிட்ட ஒண்ணா கொண்டுபோங்க.”

அவர் கொண்டுபோனார். முதலாளியிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேலையில் பட்ட அடி என்று மில் கடிதம் கொடுத்தது. சரஸ்வதி அக்காவின் இடத்தில் நிரந்தரமாக யாரையும் எடுக்கவில்லை. அதற்காகச் சாமிநாதனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். முதலில் எனக்குப் போன் பண்ணி நன்றி சொன்னாரே, அதற்கும்தான். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

அதன் பிறகு எத்தனையோ மில், எத்தனையோ பட்டறை. எங்கே போனாலும் முதல் நாள் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. முதல் நாள் எண்ணியதை எழுதியதும் இல்லை. பிள்ளைகளே, உங்கள் போன் நல்ல கருவி. என் கண்ணைவிட அது நன்றாகவே பார்க்கும். ஆனால் நீங்கள் வந்திருப்பதால்தான் அவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. காலி டப்பா எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள்.

ஐந்து மாசம் கழித்து, சரஸ்வதி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போனேன். இரண்டடிக் குழியில் நின்றிருந்தார். முழங்கைக்குப் பக்கத்தில் டின். நான் வந்ததைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆனால் கை குழாயைவிட்டு வரவில்லை.

“வாங்க சார், இருங்க. இந்த டின்னு நெறையட்டும்.”

நிறைந்தது. தள்ளினார். தராசில் நின்றது, மூடியை அழுத்தினார், உருளையில் விட்டார், அடுத்த டின்னை இழுத்தார். அது நிறைந்த பிறகும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பதினைந்து வருச வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

வரும்போது சாமிநாதனிடம், குழிக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று கேட்டேன். அவர் பில்களைப் புரட்டி, கொத்தனார் கூலி, சிமெண்ட், கம்பி, பழைய இரும்புக் கடையில் எடுத்த உருளைகள் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார்.

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். “அளவெடுக்க வந்தன்னிக்கு உங்களுக்கு வாங்குன டீயும் அதுல சேத்தித்தானுங்க சார்” என்றார்.